கறுப்புப் பொட்டும் தாளித்த புகையும்

என் மனைவியின் பொட்டை நான் திருடினேன். காதலால் அல்ல. கத்தரிக்கோலால் ஒரு வட்டத்தை ஒழுங்காக வெட்டத் தெரியாததால்.

போன செப்டெம்பரில், பழைய சாமான் விற்கும் இணையத்தளம் ஒன்றில், இங்கே டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நுணுக்குக்காட்டியை, அதாவது மைக்ரோஸ்கோப்பை, விற்கப் போட்டிருந்தார். வேலை முடிந்த கையோடு காரில் போய் வாங்கி வந்தேன். ஐம்பத்தேழு வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று பலரும் கேட்டார்கள். எங்கள் ஊர் பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நான் மேற்பரப்புப் பார்க்கிறவன். இறகில் சின்ன மேடு, பள்ளம், காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. ரோச் லைட்டை நேரே அடித்தால் எல்லாம் வழவழப்பாகத்தான் தெரியும். இறகோடு இறகாகப் படுக்கவைத்து அடித்தால் ஒரு மணல் அளவு மேடும் நிழல் விழுத்தும். வெளிச்சத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறதா என்ற யோசனைதான் என்னை இந்தப் பைத்தியத்தில் கொண்டுபோய் விட்டது.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றிலிருந்து ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளி வந்தேன். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தால், வெளிச்சம்தான் தெரிந்ததே தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நீரில் வாழும் சின்ன உயிர்களுக்கு நிறமே இல்லை. கண்ணாடித் தம்ளருக்குள் கண்ணாடித் துண்டைப் போட்டுத் தேடுவதுபோல இருந்தது.

இணையத்தில் நுணுக்குக்காட்டிக்காரர்களின் குழு ஒன்று உண்டு. அங்கே ஒருவர் வழி சொன்னார். கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வெளிச்சத்தைக் குவித்து அனுப்பும் வில்லை ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே, நடுவில், ஒரு கறுப்பு வட்டத்தை வைத்து நேர் வெளிச்சத்தை மறிக்க வேண்டும். ஓரத்தால் வரும் வெளிச்சம் மட்டும் சரிந்து போய் அந்த உயிர்களில் படும். பின்புலம் கும்மிருட்டாகும்; உயிர்கள் மட்டும் ஒளிரும். கறுப்பு மட்டையை எட்டு மில்லிமீற்றர் வட்டமாக வெட்டுங்கள், வேலை முடிந்தது என்றார். அவருக்கு முடிந்தது. நான் வெட்டிய பதினொரு வட்டமும் பதினொரு விதமான கத்தரிக்காயாக வந்தன.

பிறகு குளியலறைக்கு முகம் கழுவப் போனேன். கண்ணாடியின் ஓரத்தில், அஜந்தினி முதல் நாள் கழற்றி ஒட்டிய பொட்டு இருந்தது. கறுப்பு, வெல்வெட்டு, அப்பழுக்கில்லாத வட்டம், பின்னால் பசையும் உண்டு. அளந்து பார்த்தேன். எட்டு மில்லிமீற்றர்! தக்காளிப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு துண்டை வெட்டி, அதன் நடுவில் பொட்டை ஒட்டி, வில்லைக்கு அடியில் செருகினேன்.

அன்று நான் பார்த்ததை இன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. அதற்குள் பச்சை உருண்டைகள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. படகு போன்ற ஒன்று, தன் உடம்பின் கோடுகளெல்லாம் மின்ன, நகர்ந்து போனது.

"இஞ்சருங்கோ, என்ர கறுத்தப் பொட்டு எங்க?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் பொட்டு?"

"கண்ணாடியில ஒட்டி வச்சது. வீட்டில இருக்கிறது ரெண்டே ரெண்டு பேர். நான் எடுக்கேல்ல."

வேறு வழியில்லை. கூட்டி வந்து காட்டினேன். குனிந்து பார்த்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"இதென்னப்பா, உயிரோடயோ இருக்கு?"

"ஓம். பாரும், நீந்துது."

"இதுக்கோ என்ர பொட்டைக் களவெடுத்தனீங்கள்? கேட்டிருந்தா பக்கெற்றோட தந்திருப்பன்." சொன்னபடியே அன்று பின்னேரம் ஒரு முழுப் பக்கெற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அதோடு ஒரு கட்டளையும் போட்டாள். நான் அந்தச் சாமானை மேல் அறைக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது வழியை மறித்தாள்.

"இஞ்ச குசினி மேசையில வையுங்கோ. இருவது வருசமா உங்களுக்குப் பின்னேர வேலை, எனக்குக் காலமை வேலை. இப்பதான் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வீட்டில நிக்கிறம். நீங்கள் மேல ஏறி இருந்தா நான் ஆரோட கதைக்கிறது?"

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். பகல் முழுக்க டெனிஷில் மற்றவர்களின் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்குத் தன் கதையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதனால் நுணுக்குக்காட்டி குசினி மேசையில் குடியேறியது. அவள் சமைப்பாள், கதைப்பாள். நான் குனிந்தபடி "ம்" சொல்லுவேன். "ம்" ஒன்று தவறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று உண்டு. அதைப் போட்டால் விமானம் கிளம்புவதுபோலச் சத்தம். கதை கேட்காது என்று அவள் அதைப் போடுவதே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இருவரும் கதைத்த கதை, கல்யாணம் கட்டிய முப்பது வருடத்தில் கதைத்ததைவிடக் கூடுதல். நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கப்படவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொட்டை வைத்துக் குனிந்து பார்த்தேன். கறுப்பு இல்லை. சாம்பல். பச்சை உருண்டைகளுக்கு முன்னால் யாரோ தண்ணீர்ப் பால் ஊற்றிவிட்டதுபோல இருந்தது. கண்ணைக் கசக்கினேன். மற்றக் கண்ணால் பார்த்தேன். அதிலும் அதே பால்.

பயந்துபோனேன். காரணம், ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணன் சபாரத்தினம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. "முதல்ல பால் ஊத்தின மாதிரித்தானடா தெரிஞ்சுது" என்று அவர் தொலைபேசியில் சொன்னது காதிலேயே நின்றது. எனக்கும் பதினொரு வருடமாகச் சீனி. கண் பரிசோதனைக்கு நேரம் எடுக்கச் சொல்லி ஜூன் மாதமே மின்னஞ்சல் பெட்டிக்குக் கடிதம் வந்திருந்தது. "நல்லாத்தானே தெரியுது" என்று திறந்ததோடு மூடிவிட்டேன். மடைத்தனம்.

கண் போனால் என் வேலை போகும். கார் ஓட முடியாது. பிராண்டேயில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன். இதெல்லாம் நான் யோசித்தவைதான். ஆனால் குசினி மேசையில் இருந்து, அடுப்படியில் நின்ற அவளை நிமிர்ந்து பார்த்தபோது மனதில் வந்தது வேறு. இந்த முகமும் ஒரு நாள் பாலுக்குப் பின்னால் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

மங்கலாகத் தெரிந்தால் முதலில் கண்ணாடியைச் சந்தேகி என்பது எங்கள் குழுவின் பாலபாடம். கண் வைக்கும் வில்லையைத் திருப்பு. அழுக்கும் சேர்ந்து சுற்றினால் அது அந்த வில்லையில். தகட்டை நகர்த்து, அழுக்கும் நகர்ந்தால் அது தகட்டில். புதிதாக வருகிறவர்களுக்கு நானே பத்துத் தரம் எழுதியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது எதையும் திருப்பவில்லை, எதையும் நகர்த்தவில்லை. விடை தெரிந்துவிடுமோ என்ற பயம். நுணுக்குக்காட்டிக்கு உறையைப் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை பொய்யாகவே போனது. வேலைக்குச் சைக்கிளில் போனேன். சீனிக்கு நல்லது என்றேன். மழை நேரத்தில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அந்த வளையம் டென்மார்க்கில் எல்லாருக்கும் தெரியும்; எனக்கு அது என் கண்ணின் சாவு மணியாகத் தெரிந்தது. மகள் நிரோஜினியைப் பார்க்கக் கோல்டிங்குக்குப் போக வேண்டி வந்தபோது கார்ச் சாவியை அஜந்தினியிடம் நீட்டினேன். அவளுக்கு நெடுஞ்சாலை என்றாலே நடுக்கம்.

"ஏன், உங்களுக்கு என்ன?"

"நீரும் பழகத்தானே வேணும்."

வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் வீட்டிலும் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அடுப்படியில் கதை நின்றுபோயிற்று. நான் மூடிய நுணுக்குக்காட்டிக்கு முன்னால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, வாசிக்காமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை டக்கென்று வைத்தாள்.

"என்னில என்ன பிழை எண்டு சொல்லுங்கோ."

"ஒரு பிழையும் இல்லை."

"அப்ப ஏன் என்னைக் கார் ஓட விட்டனீங்கள்? ஏன் இதைத் திறக்கிறேல்ல? என்ர கதை அலுத்துப் போச்சோ? அலுத்தா சொல்லுங்கோ, வாயை மூடுறன். இதையும் மேல கொண்டுபோங்கோ."

சொன்னதோடு நிற்காமல் வந்து உறையை இழுத்து எறிந்தாள். விளக்கைப் போட்டாள். நான் ஆறு மாதமாகச் செய்ததைப் பார்த்துப் பார்த்து எல்லாம் பழகியிருந்தாள். போத்தலில் இருந்து ஒரு துளியை எடுத்து விட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, கோபத்தோடு குனிந்தாள்.

"இதென்னப்பா," என்றாள், நிமிராமலே. "ஒரே பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு?"



"என்ன சொன்னீர்?"

"மங்கலாக் கிடக்கு எண்டுறன். முந்தி நல்ல கறுப்பா இருந்ததெல்லோ?"

"உமக்கும் தெரியுதோ?"

"ஏன், எனக்குக் கண் இல்லையோ?"

நான் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. கண் வைக்கும் வில்லையைத் திருப்பினேன், மாற்றமில்லை. தகட்டை நகர்த்தினேன், மாற்றமில்லை. அடியில் இருந்த வில்லையை இறக்கி, அதன் மேல்முகத்தை ஸ்பிரிட் தொட்ட தாளால் ஒரு இழுப்பு இழுத்தேன். தாளில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. அவள் அதை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனாள்.

"கடுகு வெடிச்ச எண்ணெய்ப் புகை," என்றாள். "என்ர தாளிதம்."

குளிர்காலம் முழுக்கத் தாளித்தது, பொரித்தது, வதக்கியது எல்லாம் அந்த வில்லையில் ஆடையாகப் படிந்திருந்தன. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. பொட்டு வைத்துச் சரிந்த வெளிச்சம் விட்டதும் அந்த ஆடையே ஒளிர்ந்து பின்புலத்தைச் சாம்பலாக்கிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகச் சரிந்த வெளிச்சத்தில் அழுக்குப் பிடிப்பவனுக்கு இது விளங்கவில்லை.

நான் விழுந்த கதிரையை நிமிர்த்தி அதில் இருந்து அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன், ஜூன் மாதக் கடிதம், சைக்கிள், தெருவிளக்கு, அவளுடைய முகம்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"மூண்டு கிழமை," என்றாள். "மூண்டு கிழமை இந்தப் பயத்தைத் தனியத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீங்கள். நான் பக்கத்தில நிண்டு வெங்காயம் வெட்டுறன்! நான் ஆர் உங்களுக்கு?" வாய் திட்டிக்கொண்டிருக்க, கை என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது. வெங்காய மணம். அவளும் அழுதாள், வெங்காயத்தில் பழி போட்டாள்.

ஆனாலும் விடவில்லை. அடுத்த நாளே கண் மருத்துவருக்குத் தொலைபேசி அடித்து நேரம் எடுத்தாள். மகளுக்கும் சொல்லிவிட்டாள், மகள் என்னைத் தொலைபேசியில் டெனிஷில் கால் மணித்தியாலம் திட்டினாள். பரிசோதனைக்காகக் கண்ணில் மருந்துத் துளி விட்டால் பிறகு கார் ஓட முடியாது. அதனால் மருத்துவர் இருந்த ஹேர்னிங் நகரத்துக்கு அஜந்தினிதான் கார் ஓடினாள், சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, வாகனங்களையெல்லாம் திட்டியபடி.

மருத்துவர் நீண்ட நேரம் பார்த்தார். சீனி இன்னும் கண்ணுக்குப் போகவில்லை என்றார். ஒவ்வொரு வருடமும் வரவேண்டும், கடிதம் வந்தால் திறந்து வாசிக்கவும் வேண்டும் என்றார். கடைசிப் பகுதியை அவளைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது துளியின் கூச்சத்தில் எனக்கு உலகமே வெள்ளையாகக் கிடந்தது. நான் அவள் பக்கம் திரும்பி இருந்தேன்.

"என்ர முகம் தெரியுதோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தைப் பாக்கிறீங்கள்?"

"உம்மைத்தான்."

"றோட்டைப் பாருங்கோ," என்றாள். கார் ஓடுவது தான்தான் என்பதையே மறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் பருப்புக்குத் தாளிக்கச் சட்டியை வைத்தாள். நான் துடைத்து வைத்த நுணுக்குக்காட்டிக்கு முன்னால் போய் இருந்தேன், இன்னும் எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டாலும். எண்ணெய் சூடாகும்போது அவள் கையை உயர்த்திப் புகை இயந்திரத்தின் பொத்தானை அமத்தினாள். குசினி முழுக்க இரைச்சல். அவள் ஏதோ ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினாள். வாய் அசைவது மங்கலாகத் தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நான் எழுந்து தடவிப் போய்ப் பொத்தானை அமத்தினேன். சத்தம் நின்றது.

"ஏனப்பா? உங்கட வில்லை பழுதாப் போகுமெல்லோ?"

"நான் ஞாயிறு ஞாயிறு துடைக்கிறன். நீர் சொல்லும்."

கடுகு வெடித்தது. அவள் முதலில் இருந்து தொடங்கினாள்.