யூலியனின் தாள்

யூலியனின் அடக்கத்துக்குப் ஒஸ்லோவின் புருசெத் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்த எல்லாருடைய கன்னத்திலும் பொன் கோடு விழுந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. மறுநாள் அப்படியே வேலைக்குப் போனார்கள். ரயிலில் கண்டால் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள்.

யூலியன் ஜப்பானில், கனசாவா நகரத்தில், தங்கத்தை மூச்சுப்பட்டாலே பறக்கிற தகடாக அடிக்கப் படித்தவன். சுத்தியலில் ஒன்றுமில்லை, தகடுகளுக்கு இடையில் வைக்கிற தாளின் பதத்தில்தான் தொழிலே இருக்கிறது என்பான். வைக்கோல் சாம்பல் நீரிலும் முட்டையிலும் ஊறவைத்து, அடித்து, மறுபடி ஊறவைத்து, தன் கையால் பதப்படுத்திய தாள்கட்டை ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தான். இங்கே பட்டறை போட்டு நாலு பேருக்குப் பழக்க ஆசைப்பட்டான். தை மாதம் ரயிலில் இருந்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வயது. என்ன கொடுமை!

அடக்கத்தன்று வீட்டில் கண் துடைக்கிற ரிசுத்தாள் முடிந்திருந்தது. தங்கம் அடித்துத் தேய்ந்த தாளை ஜப்பானில் பெண்கள் முகம் ஒற்ற வாங்குவார்கள் என்று மகன் எப்போதோ சொன்னது தாய் மரியரஞ்சனிக்கு ஞாபகம் வந்தது. அலுமாரியில் இருந்த கட்டைப் பழையது என்று நினைத்துக் கொண்டுபோய் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள், பாவம். அது பாவிக்காத புதுத்தாள். அதில் பொட்டுத் தங்கமும் இருந்ததில்லை. கன்னத்துக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அழுது துடைத்த தாள்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பெட்டி மூடுமுன் மகனின் நெற்றியை ஒற்றிய ஒன்றை மட்டும் மரியரஞ்சனி வைத்திருந்தாள்.

கனசாவாவில் அவனோடு தொழில் படித்த ஹருகா பங்குனியில் அந்தத் தாள்களைத் தேடி ஒஸ்லோவுக்கு வந்தாள்.

"ஐயோ பிள்ளை, எல்லாத்தையும் நானே அழிச்சுப்போட்டனே!" என்று மரியரஞ்சனி நிலத்தில் இருந்துவிட்டாள்.

யூலியனிடம் பழகிய நாலு நோர்வேஜியச் சொல்லை வைத்து ஹருகா விளங்கப்படுத்தினாள். ஒரு தாள் கிடைத்தாலும் போதும். அதைக் கிழித்துக் கரைத்துப் பார்த்தால் அவனுடைய பதம் பிடிபடும், புதிதாகச் செய்யலாம்.

கிழிப்பதா! மரியரஞ்சனி தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குடுத்துவிடுமப்பா," என்றார் கணவர் சூசைரட்ணம். "பிள்ளை வேலை செய்யட்டும்."

"உங்களுக்கு லேசு. அவன்ர நெத்தி இதுக்கை கிடக்கு."

அழுது ஓய்ந்தபிறகு அவளே கிழித்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

அந்தப் பதத்தில் ஹருகா செய்த தாளோடு பட்டறை இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் நடக்கிறது. நாலு பேர் பழகுகிறார்கள். அங்கே அடிக்கிற தங்கம் எல்லாம் கொஞ்சம் ஈரமாகவே வருகிறது. வாங்குகிறவர்கள் காயவைத்துத்தான் ஒட்டுகிறார்கள்.