தூக்கக் கூடாத கைகள்

பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடையின் பின்சந்தில் லாரி வந்து நின்றதும் ஜெய்யும் முகமது இஸ்மாயிலும் வெங்காய மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். இஸ்மாயில் மேலிருந்து சரித்துவிட, ஜெய் வலது தோளில் வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்கினான். நடுநடுவே சுவரில் கை ஊன்றி நின்றான். மார்பை அழுத்தித் தட்டையாக்குவதற்காகச் சட்டைக்குள் பைண்டர் போட்டிருந்தான். அதைப் போட்டுக்கொண்டு முழு மூச்சு இழுக்க முடியாது. அதன் விளிம்பு வியர்வையில் விலாவை அறுத்து, ஆறி, மறுபடி அறுத்து, அந்த இடமே கறுத்துத் தடித்திருந்தது.

ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பெயர் ஜெனிவீவ். அடையாள அட்டையில் இன்னும் அந்தப் பெயர்தான், பெண் என்றுதான். வேலை கேட்டு வந்த அன்று கடைக்காரர் இராமசாமி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மூட்டை தூக்குவியா என்று மட்டும் கேட்டார். அதனாலேயே ஜெய்க்கு அவர்மேல் மரியாதை உண்டு.

அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச டாக்டரைப் பார்க்கப் போன அன்று அம்மா உர்சுலாவும் கூட வந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அன்று லீவு போட்டிருந்தாள். டாக்டரம்மா தன் சட்டையின் மேலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். முலைக்காம்பைச் சுற்றி வட்டமாக வெட்டுவது ஒரு வழி. தழும்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சின்ன மார்புக்கும் இறுக்கமான தோலுக்கும்தான் அது சரிவரும். இன்னொன்று, மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி, மிச்சத் தோலை எடுத்துவிட்டு, காம்பைத் தனியே கழற்றிச் சிறிதாக்கி வேறு இடத்தில் ஒட்டுவது. கோடு நிற்கும். தொட்டால் உணர்ச்சி திரும்பாமலும் போகலாம்.

வட்டமாக வெட்டுவதையே செய்ய முடியாதா, கோடு தெரியாதே என்று உர்சுலா கேட்டாள். ஜெய்யின் மார்புக்கு அப்படிச் செய்தால் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாகத் தொங்கும், பிறகு மறுபடியும் வெட்ட வேண்டிவரும் என்றார் டாக்டர். ஜெய் நீளமான வெட்டே போதும் என்றான். காம்பைத் திரும்ப ஒட்ட வேண்டுமா, சிலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் கேட்டார். அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டு, ஒட்டுங்கள் என்றான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் உர்சுலா பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். முன்பே புற்றுநோய் வந்து அவளுடைய இடது மார்பை எடுத்திருந்தார்கள்.

"என்கிட்ட யாரும் கேக்கலடா," என்றாள். "எடுக்கணும்னாங்க, எடுத்துட்டாங்க. எப்படி வெட்டறது, எதை வைக்கறதுன்னு ஒரு வார்த்தை இல்ல. உன்கிட்டயாவது கேட்டாங்க."

ஜெய் அவள் கையைப் பிடித்தான். அவள் சற்று நேரம் விட்டுவைத்துவிட்டு, பைக்குள் டிஷ்யூ தேடுவதற்காக இழுத்துக்கொண்டாள்.

பல வாரங்களுக்குக் கனம் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதை ஜெய் கடையில் போய்ச் சொன்னான். இராமசாமி முழுசாகக் கேட்டுக்கொண்டு, யாருக்கோ போன் செய்து பேசிவிட்டு வந்தார்.

"வியாதின்னா நான் ஏன் மறுக்கப் போறேன் ஜெய்? இது நீயா இஷ்டப்பட்டுச் செய்யறது லா. அழகுக்குப் பண்றதுக்கு டாக்டர் குடுக்கற எம்.சி. லீவு செல்லாதுன்னு அக்கவுண்டன்ட் சொல்றாரு. உன் ஆனுவல் லீவு எவ்வளவு மிச்சம் இருக்கோ அதை எடுத்துக்க. வந்தா தூக்கணும்."

அன்று செங்காங்கில் இருக்கும் தங்கள் வீட்டில் சாப்பிடும்போது உர்சுலா மெதுவாகச் சொன்னாள். "கட்டின்னு சொல்லிடுவோம். எனக்கு இருந்ததுதானே, நம்புவாங்க."

"வேணாம்மா. உன் வியாதிய எடுத்து நான் போட்டுக்க மாட்டேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு பக்கமும் தொங்கிய வடிகுழாய்களில் சேர்ந்த ரத்தநீரை உர்சுலாதான் கொட்டிக் கழுவினாள். அவள் புற்றுநோயில் படுத்திருந்தபோது கோவிலில் பூசையில் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். கோவில் அன்பியக் குழுவின் தலைவர் சிலுவைராஜ் வீட்டிலிருந்து மீன் சூப் வந்தது. இந்த முறை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஜெபமாலை சொன்னாள்.

கட்டுப் பிரித்த அன்று ஜெய் சட்டையில்லாமல் மின்விசிறிக்குக் கீழே நின்றான். காற்று நேராக நெஞ்சில் பட்டது. அவன் அழுதான். உர்சுலா வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, நல்லாத்தான்டா இருக்கு என்றாள்.

லீவு முடிந்தது. இன்னும் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் ஜெய் வேலைக்குப் போனான். நீ தள்ளு, நான் தூக்கறேன் என்று இஸ்மாயில் அவன் பங்கையும் சேர்த்துச் சுமந்தான். இராமசாமி பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஒருநாள் இஸ்மாயிலை டெலிவரிக்கு அனுப்பிய நேரத்தில் லாரி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஜெய் கையை உயர்த்தி முதல் மூட்டையைத் தோளில் வாங்கினான். இரண்டாவதை வாங்கும்போது வலது பக்கம் ஏதோ பிய்ந்தது. சூடாக வயிறு வரைக்கும் இறங்கியது. இராமசாமி தன் துண்டைக் கொடுத்து, டாக்சி பிடித்து அனுப்பிவைத்தார்.

தையல் பிரிந்து, சீழும் பிடித்திருந்தது. வலது பக்கம் ஒட்டிய காம்பைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த முறை டாக்டர் கேட்பதற்கு எதுவும் இருக்கவில்லை. உர்சுலா அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஜெய் வந்து சொன்னதும் தன்னையறியாமல் அவள் கை தன் இடது பக்கத்துக்குப் போனது.

இராமசாமி போனில் பேசியபோது குரலில் கோபமே இல்லை. முழுசாக ஆறட்டும் என்றார். வேறு ஆள் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

சில மாதம் கழித்து, இஸ்மாயிலுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஜெய் ஒரு மைலோ சத்துமாவு டின் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான். கடை மாடியில் இஸ்மாயில் தங்கும் அறை பூட்டியிருந்தது. கடைக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில், விசிறி படும் இடத்தில், நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்திருந்தார்கள். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"வா ஜெய்," என்றார் இராமசாமி. "இவன் கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்கக் கூடாது லா, டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. அதான் இப்படி உக்காந்தே பாக்கட்டும்னு விட்டிருக்கேன்."

இஸ்மாயில் மைலோ டின்னை வாங்கிக் காலடியில் வைத்தான். ஜெய்யை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆய்ந்து முடித்த கொத்தே மறுபடி விரலில் சிக்கியது.

அடுத்த கூடை தரையில் இருந்தது. இஸ்மாயில் குனியப் போனதும் இராமசாமி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார். தானே குனிந்து கூடையைத் தூக்கி, ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார்.