தாய்மாமாவும் பதினோரு முட்டையும்

அந்த வருடம் நசாம்புவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கோழி. மழை தொடங்கியதும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஊரையே துடைத்துப் போட்டுவிட்டது. அவள் வீட்டில் மட்டும் இருபத்திமூன்று. காலையில் கூட்டைத் திறந்தால் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடக்கும். கடைசியாகச் சேவல் போன அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு கோழிக்கா இப்படி?" என்று கேட்ட கணவன் வஃபுப்வாவிடம், "நீங்க தெனம் முட்டையா போடுறீங்க?" என்று ஒரு போடு போட்டாள்.

நோய்க்கு முன்னால் சேர்த்து வைத்த பதினோரு முட்டை மட்டும் சோளப் பானைக்குள் இருந்தது. மிஞ்சிய பழுப்புக் கோழி நல்ல வேளையாக அடைக்கு வந்தது. அடுப்படி மூலையில், உடைந்த கூடையில் வைக்கோலைப் பரப்பி, செத்துப்போன கோழிகளின் முட்டைகளை அதற்கு அடியில் வைத்தாள். அவளுக்கு ஒவ்வொரு முட்டையும் தெரியும். நீளமானது மொட்டைக்கழுத்துக் கோழி போட்டது. புள்ளி விழுந்த இரண்டும் கருப்பியுடையவை. இவை பொரிந்தால்தான் அந்த வீட்டில் இனிமேல் முட்டை, கறி எல்லாம். சின்ன மகள் நங்கிலா மூன்று வாரமாகக் கீரையும் களியுமாகத் தின்று முகம் சுண்டிக் கிடந்தாள்.

இருபதாம் நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், வஃபுப்வாவின் தாய்மாமா காவோயா வந்து நின்றார்.

தாய்மாமா வந்தால் கோழி அடித்தே ஆக வேண்டும். அதிலும் கோழி வயிற்றுக்குள் கல்லையும் மணலையும் அரைக்கிற அந்தக் கந்தனக்காய் அவர் தட்டில் முழுசாக விழ வேண்டும். எங்கள் மசாபா மலையடிவாரத்தில் இதைத் தெரியாத குழந்தை கிடையாது. தாய்மாமா மனம் கோணிப் போனால் அந்த வீட்டில் ஒன்றும் தங்காது என்று பயப்படுகிறவர்கள் நாங்கள்.

"நங்கிலா அப்பா, அடைக்கோழி மேல மட்டும் கைய வச்சிராதீங்க" என்று நசாம்பு காதோடு சொன்னாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தான். வெட்டிச் சுத்தம் செய்த கோழி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ஏதோ யுத்தத்தை ஜெயித்தவன்போல வந்து இறங்கினான். பையை அவிழ்த்ததும் நசாம்புவுக்கு உயிரே போயிற்று. கறி இருந்தது. கந்தனக்காய் இல்லை. கடையில் அதை எடுத்துத் தனியாக விற்றுவிடுவார்கள். பிறந்ததிலிருந்து ஒரு கோழியைக்கூடக் கழுவிப் பார்க்காத ஆண்பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

வேறு வழியில்லை. குழம்பு வைத்தாள், களி கிண்டினாள், பரிமாறினாள். கிழவர் கரண்டியால் துழாவினார். மறுபடியும் துழாவினார்.

"கந்தனக்காய் எங்கடா?"

"மாமா, அது வந்து... கடைக்கோழி."

"கடைக்கோழிக்கு வயிறு கெடையாதா? இல்ல, எனக்கு முன்னாடியே எவனாவது உக்காந்து தின்னுட்டுப் போயிட்டானா?"

கோழிக்கு நேரம் காலம் தெரியாது. சரியாக அப்போது அடுப்படியிலிருந்து கொக்கரித்தது.

கிழவர் கரண்டியை வைத்தார். "ஓஹோ. வீட்ல உயிரோட ஒண்ண ஒளிச்சு வச்சிக்கிட்டு எனக்குக் கடையில செத்தத போடுறீங்க."

"அடையில இருக்கு மாமா" என்றாள் நசாம்பு. "நாளைக்கு இருபத்தோராம் நாள்."

"அடையாம் அடை! போன வாரம் இடிச்ச இடியில மலையே ஆடிச்சு. எல்லாம் எப்பவோ கூமுட்டையாயிருக்கும். கூமுட்டைய காக்குற கோழிக்காக நான் அவமானப்படணுமா? டேய், புடிச்சிட்டு வாடா."

வஃபுப்வா எழுந்துவிட்டான். நசாம்பு அடுப்படி வாசலை மறித்து நின்றாள். மாமனார் முறை உள்ளவர் முன்னால் அப்படி நிற்கக் கூடாது. ஆனாலும் நின்றாள்.

"ஒரு தடவ நீங்களே பாத்துருங்க மாமா. உசுரு இல்லன்னா நானே அறுத்து, கந்தனக்காய உங்க தட்டுல வைக்கிறேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அந்த இடிக்குப் பிறகு அவளே ஒருதரமும் சோதித்துப் பார்க்கவில்லை. பயம்.

அகலமான அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீரை விளாவி, முழங்கையால் சூடு பார்த்தாள். கோழி கொத்தக் கொத்த முட்டைகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். கிழவர் முக்காலியைப் பாத்திரத்தருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் சுற்றி அடங்கியது. முட்டைகள் மிதந்தன. ஒன்றும் அசையவில்லை.

"நான் சொல்லல?" என்றார் கிழவர்.

நசாம்பு கத்தி இருக்கும் பக்கம் பார்த்தாள். அந்த நேரத்தில் நீள முட்டை லேசாகத் துள்ளியது. காற்றாக இருக்கும் என்று கிழவர் கையால் மறைத்தார். மறைத்த கைக்குள்ளேயே அது மறுபடி துள்ளியது. அடுத்து புள்ளி முட்டை ஒன்று. பிறகு பக்கத்திலிருந்தது. யாரும் தொடவில்லை, ஊதவில்லை. ஓட்டுக்குள் அடைபட்ட குஞ்சுகள் உதைக்க உதைக்க, பாத்திரம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டம் வட்டமாக அலை கிளம்பியது. இத்தனை வருடம் கோழி வளர்த்தவள்தான் நசாம்பு. ஆனாலும் அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. செத்த கோழிகளைப் புதைத்தாயிற்று, ஆனால் அவற்றின் பிள்ளைகள் இதோ ஆடுகின்றன.

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பதினொன்றில் ஒன்பது ஆடியது.

"அதக் குடு" என்று நீள முட்டையைக் காட்டினார். நசாம்பு துடைத்துக் கொடுத்தாள். காதோடு வைத்துக்கொண்டவர், திடீரென்று, "சொல்லு, சொல்லு" என்றார். முட்டையிடம்தான்.

"என்ன மாமா?" என்றான் வஃபுப்வா.

"கீச்சுங்குதுடா. உள்ளேருந்து." முட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கோழி போட்டது?"

"மொட்டைக்கழுத்து, மாமா. அது செத்து மூணு வாரமாச்சு."

கிழவர் எழுந்தார். ஆடிய ஒன்பதையும் தானே கொண்டுபோய்க் கூடையில் வைத்தார். கோழி அவர் கட்டைவிரலில் ரத்தம் வரக் கொத்தியது. வஃபுப்வா ஓடி வந்தான். கிழவரோ, "கொத்து தாயி, நல்லாக் கொத்து" என்றார்.

பிறகு வந்து உட்கார்ந்து, கந்தனக்காய் இல்லாத குழம்பையும் ஆறிப்போன களியையும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார். கை கழுவும்போதுதான் மருமகனைப் பார்த்தார்.

"ஒன்னயப் பெத்துப் போட்டதும் ஒங்கம்மா போயிட்டா. நீ அழவே இல்ல. ஒடம்புல ஒரு அசைவு இல்ல. நீயும் போயிட்டேன்னு பொம்பளைங்க ஒன்னய வாழையிலையில சுத்தி, அவ பக்கத்துலயே படுக்க வச்சிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. எலையப் பிரிச்சுக் காத வச்சேன்." வலது காதைத் தொட்டுக்காட்டினார். "கீச்சுன்னடா."

நாற்பத்திரண்டு வயது வஃபுப்வா இதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். சொம்பைப் பிடித்தபடியே நின்றான்.

நசாம்பு அடுப்படிக்குப் போனாள். எறிந்துவிடலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த, ஆடாத அந்த இரண்டு முட்டையையும் எடுத்து, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையில் துடைத்து, கோழிக்கு அடியில் தள்ளி வைத்தாள்.