வெர்னா கேட்ட நாலு நொடி

லெஸ்டர் கோவாக்கின் பிழைப்பே சிரிப்புதான். அவன் சிரிக்க மாட்டான், அவன் பெட்டி சிரிக்கும். டிவி நகைச்சுவைத் தொடரைப் படம் பிடித்து முடித்ததும், ஸ்டுடியோவின் ஜன்னலில்லாத அறையில், ஜனங்களின் சிரிப்பைப் பதிவு செய்து அடைத்த, கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்த அந்தப் பெட்டிமுன் உட்கார்ந்து, எந்த வசனத்துக்கு எப்படிச் சிரிப்பு எழ வேண்டும் என்று முடிவு பண்ணுகிறவன் அவன். வீட்டுக்காரி காரை வேலியில் மோதினாளா, ஆம்பிளைகள் சிரிக்கிற கட்டை. பால்காரன் கொச்சையாகப் பேசினானா, கிக்கிக்கென்று ஒன்று. கறுப்பு வேலைக்காரி வாயைத் திறந்தாலே குபீரென்று ஒன்று. அந்தக் கட்டை தேய்ந்தே போயிருந்தது. அமெரிக்கா முழுக்க ஐந்து வருஷமாய் ஓடுகிற தொடர், சும்மாவா?

வேலைக்காரியாக நடித்தவள் வெர்னா டூப்ரே. நியூயார்க் மேடைகளில் ராணி வேஷம் கட்டியவள். டிவி அவளுக்குக் கொடுத்தது ஒரு ஏப்ரனும் கண்ணை உருட்டுகிற வேலையும்தான்.

நடிகர்கள் யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறைக்கு ஒருநாள் மத்தியானம் அவள் வந்தாள். எழுத்தாளர்களோடு எட்டு மாசம் மல்லுக்கட்டி ஒரே ஒரு வசனம் வாங்கியிருந்தாள். ‘நீ இங்கே வந்துட்டா உன் பிள்ளைகளை யார் பார்ப்பா?’ என்று எஜமானி கேட்பாள். ‘சின்னதைப் பெரியது பாத்துக்கும்மா. பெரியதுக்கு ஒன்பது வயசு’ என்று இவள் சொல்ல வேண்டும்.

“அதுக்கப்புறம் நாலு நொடி பேசாம நின்னிருக்கேன், மிஸ்டர் கோவாக். அங்க மட்டும் கட்டையைத் தொடாதீங்க. அது என் வீட்டுக் கதைங்க. மேடை வேலை இல்லாத நாள்ல நான் அடுத்தவங்க பிள்ளையைக் குளிப்பாட்டப் போனப்ப என் மக அப்படித்தான் இருந்தா.”

“கவலைப்படாத வெர்னா, என் கை அந்தப் பக்கமே போகாது” என்றான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஆனாலும் அவள் மிஸ்டர் என்பாள், இவன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். அது அவனுக்கு உறைத்ததே இல்லை.

வியாழக்கிழமை தயாரிப்பாளர் பிரைனர் டோனட்டும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாலு நொடி வந்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு, சத்தம் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், ஜனங்கள் டிவி கெட்டுப்போச்சென்று வேறு சேனலுக்குத் திருப்பிவிடுவார்கள், விளம்பரம் தருகிற சோப்புக் கம்பெனிக்காரன் அவர்களை அழ வைக்கச் சொல்லிக் காசு கொடுக்கவில்லை, போடு சிரிப்பை என்றார்.

வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தான்? அந்த ஒரு வார்த்தைக்கு வேலையும் போயிருக்காது. பாவி, போட்டதுதான் போட்டான், அரைகுறையாகவாவது போட்டானா? தொழில் கர்வம் விடுமா? முதலில் ஒரு பெண்ணின் சிணுங்கல், அதன்மேல் நாலு ஆம்பிளைகள், கடைசியில் மொத்தக் கூட்டமும். பிரைனர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பானது. லெஸ்டரின் மனைவி லொரெய்ன் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

“அது ஜோக் இல்ல” என்றான்.

“பின்ன ஏன் அத்தனை பேரும் சிரிச்சாங்க?”

அவன் தன் தட்டை நகர்த்தி வைத்தான். ராத்திரி முழுக்க அந்த ஒன்பது வயசுப் பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் அவனே அவளைத் தேடி ஒப்பனை அறைக்குப் போனான். மேலிடத்து உத்தரவு, என் கையில் எதுவும் இல்லை என்று என்னென்னவோ உளறினான். நாலு திட்டுத் திட்டினால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தான். அவள் திட்டவில்லை.

“என் மக போன் பண்ணா, மிஸ்டர் கோவாக். நாங்க பட்டது அவ்வளவு வேடிக்கையாவா இருந்துச்சுன்னு கேட்டா.”

பிறகு கையிலிருந்த புது வசனத் தாள்களை அவனிடம் நீட்டினாள். போன வாரச் சிரிப்பு பிரமாதமாக வந்துவிட்டதாம். இனி வாரா வாரம் அவள் பிள்ளைகளைப் பற்றி ஒரு ஜோக் வைக்கப் போகிறார்களாம். முதல் ஜோக்கில், பெரியது தூங்கிப்போக, சின்னது அடுப்பைப் பற்றவைத்து விடுகிறது. அதற்குக் கீழே ‘பலத்த சிரிப்பு’ என்று தட்டச்சு செய்திருந்தது.

“அடுத்த வியாழக்கிழமையும் பெட்டி முன்னாடி நீங்கதான உட்காருவீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றான்.