நிழல் அளந்த பாதங்கள்

கொல்லிமலையின் நீல முகட்டைக் கடந்தெழுந்த தைத்திங்கள் கதிரவன், ஜேடர்பாளையத்து அணையில் தேங்கிய காவிரியின் மேனியில் உருக்கிய பொன்னை வார்த்து, அங்கிருந்து பிரியும் வாய்க்காலோடு தானும் நடந்து, கரும்புத் தோட்டங்களைத் தழுவித் தென்னந்தோப்புகளில் இளைப்பாறி, கடைமடைச் சிற்றூரின் அம்மன் கோயில் முன்றிலை வந்தடைந்த முற்பகல் அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. மழை பொய்த்தமையால் வாய்க்கால் நீர் முறைவைத்தே பாய்ந்தது. கோயில் முன் நின்ற கல் விளக்குத்தூணே அம்முறைக்குப் பொழுதுகாட்டி: காலையில் நெடிது கிடக்கும் அதன் நிழல் பன்னிரண்டு பாதமாகக் குறுகியதும், மேல்மடையை அடைத்துக் கடைமடையைத் திறந்துவிட வேண்டும். குதிகாலும் விரல்நுனியும் தொடத்தொட அடிவைத்து அந்நிழலை அளப்பவர், மடைக்காவலர் மீரான் ராவுத்தர்.

அன்புடையீர், பொன்னாத்தாளின் நெஞ்சுக்குள் சற்றே எட்டிப் பாருங்கள். கணவனை இழந்த அவளுக்கு உள்ளது கடைமடையில் ஒரே வயல். நெற்கதிரோ பால்பிடிக்கும் பருவம். சென்ற ஆண்டு இதே பருவத்தில் ராவுத்தர் காய்ச்சலில் கிடந்த ஒரு திங்கள், மேல்மடைக்காரனாகிய அவள் அண்ணன் அர்த்தநாரி மடை பார்த்தான். அவள் கதிரெல்லாம் பதராயின. இப்போது அவனே, அம்மனை வணங்காதவன் கையில் மடை இருத்தலாகாது என்று முறையீடு எழுதி, ஊரார் கையொப்பமும் பெற்று, அணை அலுவலரையும் வரவழைத்துவிட்டான். எஞ்சியது அவள் கைநாட்டு ஒன்றே. அதை மறுத்தாலோ, அண்ணனின் ஏரும் எருதும் இனி அவள் வயலில் இறங்கா.

"ஏனம்மிணி, பெருவெரல நீட்டறதுக்கு இத்தன ரோசனையா? சீமைக்கா கையெழுத்துப் போடப்போறே?" என்றான் அர்த்தநாரி. கூட்டம் சிரித்தது.

"செவ்வாய்க்குச் செவ்வா இந்தத் தூணுல வெளக்கு வெக்கறவ நானுங்கண்ணா. ராவுத்தரு கும்புடறதில்லீங்கறது நெசந்தான். அதனால எம்பயிரு ஒருநாளும் காஞ்சதில்லீங்களே!" என்றவள், அலுவலரை நோக்கிக் கைகுவித்தாள். "சாமி, ரெண்டு பேரும் வாய்க்காச் சேத்த மிதிச்சுட்டு வந்து இப்பவே நெழல அளக்கட்டுங்க."

"அம்மன் முன்னால சேத்துக்காலா? அடுக்குமா இது?"

"கழுவி உடறது நானுங்கண்ணா. நீங்க நடங்க."

அலுவலர் தலையசைத்தார். இருவரும் வாய்க்கால் சேற்றை மிதித்து வந்தனர். அர்த்தநாரி தூணை நெடிது வணங்கி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கற்பாவிய முன்றிலில் நிழலோரமாய் அடிவைத்தான். "பதினாறு! இன்னும் பொழுது கெடக்குதுங்க" என்றான். காலணியைத் தொலைவிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த ராவுத்தர், அவ்வரிசைக்கு அருகிலேயே நடந்து, "பன்னெண்டு" என்றார். இருவர் பாதமும் ஒரே அளவு. ஆயினும் கல்லின்மேல் பதிந்த சேற்றுச்சுவடுகள் வாய்திறந்து பேசின: ராவுத்தரின் சுவடுகள் தொடுத்த மலர்போல் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன, அர்த்தநாரியின் சுவடுகளோ, கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறிக் கிடப்பதுபோல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடி குறுகக் குறுக எண்ணிக்கை கூடும், மேல்மடை அடைபடுவதும் தள்ளிப்போகுமல்லவா! பழகிய கால், ஊரே பார்த்து நின்றபோதும், தன் பழக்கத்தை மறக்கவில்லை.

"அடேங்கப்பா! திருநீறு நெத்தியில, திருட்டு காலுல!" என்றாள் கூட்டத்தில் நின்ற மாரக்காள்.

"எம்பட எருது இனி உம்பட காட்டுல கால் வெக்காது, பாத்துக்கோ!" என்று தங்கையிடம் சீறினான் அர்த்தநாரி.

ராவுத்தரோ எதற்கும் நிற்கவில்லை. "தீர்ப்ப அப்பறமாச் சொல்லுங்க. நேரமாயிப்போச்சு, மடைய அடைக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே வாய்க்கால் நோக்கி விரைந்தார். அலுவலர் முறையீட்டை நான்காக மடித்து அர்த்தநாரியின் கையிலேயே கொடுத்தார்.

அடுத்த உழவுக்கு எருதில்லை என்பதை அறிந்தவளாய், அதற்கு அஞ்சாதவளாய், குடம் குடமாய் நீர் மொண்டு தன் அண்ணனின் சுவடுகளைக் கழுவினாள் பொன்னாத்தாள். பன்னிரண்டு சுவடுகளை மட்டும் வெயிலுக்கு விட்டுவைத்தாள். பின்பு தூணை வணங்கி நிமிர்ந்தபோது, அவள் வயலின் வாய்மடையில் நீர் சலசலத்து நுழையும் ஓசை கேட்டது. என் கண்மணிகளே, தெய்வத்தின்முன் குவியும் கையை அத்தெய்வமே அளந்துகொள்ளும். ஊர்நீரை அளக்கும் காலை நாமல்லவா அளக்க வேண்டும்!