ஒன்பதாம் வகுப்பில் தேயிலை வரி

1976 பிப்ரவரி. கரோல் பாகிலிருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் செலின் சரித்திர ஆசிரியை. தூத்துக்குடிக்காரி. மணமாகித் தில்லிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அன்று ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கக் காலனிகளின் பாடம்.

கடலுக்கு அப்பாலிருந்த அரசு காலனி மக்களுக்கு வரிமேல் வரி போட்ட கதையைச் சொன்னாள். பத்திரத்துக்கு முத்திரை வரி, செய்தித்தாளுக்கு வரி, சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. சீட்டுக்கட்டு என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தேயிலைக்கு வந்தாள். துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேயிலையைத் தண்ணீரில் கொட்டியவர்களைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கே குரல் ஏறியது. "எங்க ஆள் ஒருத்தர்கூட இல்லாத சபை எங்களுக்கு வரி போட முடியாதுன்னாங்க. அங்கதான் புரட்சி தொடங்கிச்சு."

மூன்றாவது வரிசையில் ஜலஜா எழுந்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"மிஸ், நம்ம எலெக்‌ஷனும் தள்ளிப் போயிடுச்சுன்னு பேப்பர்ல வந்திருக்கே. எலெக்‌ஷன் இல்லேன்னா நம்ம ஆளும் அங்க இல்லைதானே? அப்போ நம்மகிட்டேயும் டாக்ஸ் கேக்கக் கூடாதில்லையா?"

சில பிள்ளைகள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நெருக்கடி நிலை வந்து எட்டு மாதமாகியிருந்தது. எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பது பெரியவர்களுக்கே குழப்பமாக இருந்த காலம். செலின் அதை நினைக்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட மாணவியைப் பார்க்கிற ஆசிரியையின் சந்தோஷம் மட்டும்தான் அவளுக்கு இருந்தது.

"சரியாப் பிடிச்சிட்டே. அவங்களும் இதைத்தான் கேட்டாங்க" என்றாள்.

அன்றிரவு ஜலஜா சாப்பிடும்போது இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் வெங்கடேஸ்வரன், மத்திய அரசில் அதிகாரி. மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். யாரும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் பேச்சு அந்த பஸ்ஸோடு நிற்கவில்லை.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் பூவராகவன் செலினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கோ. நேத்து சாயந்தரம் ஒருத்தர் வந்திருந்தார். பேர் சொல்லலை. கார்டு காட்டினார், பயத்துல நான் அதை வாசிக்கலை. நீங்க பசங்களுக்கு வரி கட்டாதேன்னு சொல்லிக் குடுக்கறேளாம்."

"புஸ்தகத்துல இருக்கறதைத்தான் சார் சொன்னேன்."

"அது சரி. வெங்கடேஸ்வரன் பொண்ணு ஏதோ கேட்டாளாமே, அதுக்கு என்ன சொன்னேள்?"

பூவராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"எனக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு அந்தக் கார்டு காட்டினவர் வகுப்புக்கே வர்றார். பசங்களைக் கேப்பாராம்."

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அவள் கணவன் மதலைமுத்து அவள் சொன்னதை நின்றபடியே கேட்டான். மத்திய அரசில் கிளார்க். அவன் செக்‌ஷனில் இருந்த ராமமூர்த்தியைப் போன ஜூலையில் வீட்டிலிருந்து போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னும் வரவில்லை. ராமமூர்த்தியின் மனைவி எதிரே வந்தால் தெரிந்தவர்கள் எல்லாம் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மதலைமுத்துவும் அப்படிப் போயிருக்கிறான்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினான்.

"நாளைக்கு நீ வாயே திறக்காத. அந்தப் பிள்ள கேக்கவே இல்லன்னு சொல்லிரு."

"பிள்ளைங்க உண்மையைச் சொல்லிட்டாவன்னா?"

"சின்னப் பிள்ளைக சொல்றத எவன் எடுத்துக்கிடுவான்? நீ சொல்லாத, அவ்வளவுதான்."

"ரொம்பப் பயப்படுதீய."

"பயப்படத்தான் செய்யுதேன். நீ பயப்படலியாக்கும்?"

அவளும் பயந்துதான் இருந்தாள். தட்டில் போட்ட சோற்றை இருவருமே பிசைந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் வந்தவர் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டு, எண்ணெய் தடவி வாரிய தலையோடு, யாரோ ஒரு பையனின் சித்தப்பா மாதிரி இருந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு பிள்ளையாக நின்று, ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார். டீச்சர் சர்க்காரைப் பற்றி ஏதாவது சொன்னாரா? தேர்தலைப் பற்றி?

"நஹீன் ஜி" என்றான் முதல் பையன்.

"நஹீன் ஜி" என்றாள் அடுத்தவள்.

ஒருவர் விடாமல் அந்த 'இல்லை'யையே சொன்னார்கள். அப்படிச் சொல்லும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. செலின் கரும்பலகையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். சீட்டுக்கட்டு வரிக்குச் சிரித்த முகங்கள்தான். இப்போது ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு இது எப்படி இத்தனை நன்றாக வந்தது என்று நினைத்தபோது, அந்த மனிதரைப் பார்த்து வந்த பயத்தைவிடப் பெரிய பயம் அவளுக்கு வந்தது.

அவர் ஜலஜாவிடம் வந்தார்.

"நீதானே கேள்வி கேட்டது?"

"நான் ஒண்ணும் கேக்கலை" என்று ஹிந்தியில் சொன்னாள் ஜலஜா. "வீட்டுல அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

"பொய்யா?" அவர் புன்னகைத்தார். "அச்சா. அப்படியென்றால் உன் அப்பா ஏன் பொய்யைப் பரப்பினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்."

ஜலஜாவின் கை பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அவள் ஆசிரியையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மதலைமுத்து சொன்னது செலினுக்கு நினைவிருந்தது. வாயைத் திறக்காமல் நிற்கத்தான் பார்த்தாள்.

"அவ பொய் சொல்லலை" என்றாள். ஹிந்தி தடுமாறியது. "அவ கேட்டா. நான்தான் சரியான கேள்வின்னு சொன்னேன். அவங்க அப்பாவுக்கு இதுல ஒண்ணும் இல்லை."

வாசலில் நின்ற பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை.

"உங்கள் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள், பெஹன்ஜி. வெளியே குளிர்."

சகோதரி என்று மரியாதையாகக் கூப்பிட்டவரின் பின்னால் செலின் சால்வையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. ஒரு கான்ஸ்டபிள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். உள் அறையில் யாரோ ஒருவன் முனகுவதும் நிற்பதுமாக இருந்தது. முனகல் நிற்கும்போதெல்லாம் அவள் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவாள். சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம் பாதியில் மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ராமமூர்த்தியையும் இந்த மாதிரி ஒரு பெஞ்சில்தான் உட்காரவைத்திருப்பார்களோ?

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசலில் மதலைமுத்து தெரிந்தான். படியில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் உள்ளே வந்து கான்ஸ்டபிளிடம் தன் பெயரையும் ஆபீஸையும் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

"எதுக்கு வந்தீய? உங்க வேலை போயிரும்."

"போனா போவட்டும். தள்ளி உக்காரு."

உட்கார்ந்தவனின் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கையும் சேர்ந்து ஆடியது.

இரவு எட்டு மணிக்கு மேல் ஓர் அதிகாரி வந்து, இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக முடியாது என்று எச்சரித்து அனுப்பினார். மறுநாளே பள்ளியிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். மதலைமுத்துவின் வேலை போகவில்லை. அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. மாடிப்படியில் பார்த்தால் நின்று பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவசர வேலை இருப்பதுபோல இறங்கிப் போனார்கள். ராத்திரி தெருவில் வண்டி நின்றால் இருவரும் விழித்துக்கொண்டு, அது கிளம்பும்வரை பேசாமல் படுத்திருப்பார்கள்.

கோடையில் ஒருநாள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் வெங்கடேஸ்வரன் எதிரே வந்தார். செலினைக் கண்டதும் ஒரு சட்டைக் கடைப் பக்கம் திரும்பி விலை கேட்கத் தொடங்கினார். கூட வந்த ஜலஜா திரும்பவில்லை. "வணக்கம் மிஸ்" என்றாள், பக்கத்திலிருந்தவர்களும் கேட்கும்படி. வெங்கடேஸ்வரன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். செலின் பதில் வணக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

ஆகஸ்டில், ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்னப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். டிசம்பரில் சரித்திர ஆசிரியை பிரசவத்துக்குப் போக, அந்த வகுப்பும் அவளிடம் வந்தது. நெருக்கடி நிலை இன்னும் அப்படியேதான் இருந்தது.

புத்தகத்தைப் பிரித்தபோது அதே பாடம். புதிய முகங்கள் அவளைப் பார்த்துக் காத்திருந்தன. இதில் யாருடைய அப்பா என்ன வேலையில் இருக்கிறாரோ, அவளுக்குத் தெரியாது. இந்தப் பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை.

செலின் எழுந்து போய் வராந்தாவை இருபுறமும் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, முத்திரை வரியிலிருந்து தொடங்கினாள்.