சேவுகன் புகழ்ந்த வீடு

மீனம்மாளுக்கு அடுப்பு மூட்டினாலே அழுகை வரும். துக்கத்தால் அல்ல, புகையால். புதுக்கோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையல்கட்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பொந்து. அதற்கு ஜன்னல் கிடையாது. விறகு கொஞ்சம் ஈரமாக இருந்துவிட்டால் புகை நேரே கூடத்துக்கு வந்து, கொடியில் காயும் நாகராசுவின் சட்டைகளில் குடியேறிவிடும். பஸ் கம்பெனி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவனை, "என்னய்யா, அடுப்படியிலருந்து நேரா எந்திரிச்சு வாரீரா?" என்று மேனேஜரே கேட்டிருக்கிறார். ஒரு ஜன்னல் வைத்துத் தரும்படி வீட்டுக்காரி காத்தாயியிடம் கேட்டதற்கு, "ஜன்னல் வச்சா வெளிய உள்ள புகையும்ல உள்ள வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயந்தரமே மீனம்மாள் புருஷனிடம் தீர்மானமாகச் சொன்னாள். "சின்னதா இருந்தாலும் சொந்தமா ஒரு வீடு பாருங்க. இல்லைன்னா நாளையிலருந்து ஓட்டல்ல சாப்பிட்டுக்கங்க."

மறுநாள் நாகராசு தரகர் சேவுகனைக் கூட்டி வந்தான்.

சேவுகன் ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ இல்லாத நேரத்திலும் கக்கத்தில் ஒரு குடை இருக்கும். வீடு, காலிமனை, கறவை மாடு, எது விலைக்கு வந்தாலும் ஊரில் முதலில் அவருக்குத்தான் தெரியும். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர் சொல்வதை முதலில் நம்புகிற ஆள் அவர்தான்.

முதலில் காட்டிய வீட்டை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருந்தது. இஞ்சின் ஓட ஓட, சுவரில் மாட்டியிருந்த சாமி படங்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன. சேவுகன் சத்தம் போட்டுப் பேசினார். "நாளைக்கு ஒரு புள்ள பொறந்து தொட்டில் கட்டுனா, நீங்க ஆட்டவே வேணாம் தங்கச்சி!"

இரண்டாவது வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டு முழக்கத்தோடு ஒரு பிரேதம் போயிற்று. அவர்கள் ஒதுங்கி நிற்பதற்குள் இன்னொன்றும் வந்தது. மீனம்மாள் சேவுகனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "எம்புட்டுப் பெரிய மனுசனா இருந்தாலும் இந்தத் தெருவுக்கு ஒருதரம் வராம இருக்க முடியாது. அப்பேர்ப்பட்ட தெரு!" என்றார்.

மூன்றாவதுதான் முத்துராமன் வீடு.

முத்துராமன் ரெவின்யூ இலாகாவில் இருந்து ரிட்டயரானவர். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் அமராவதியை விராலிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார். "தனியா இருந்து பொங்கித் திங்கவேணாம், வித்துட்டு இங்கிட்டு வாங்க" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்பியதால் வீட்டை விற்கச் சம்மதித்திருந்தார். கூடத்தில் ஒரு பெஞ்சில் அமர்ந்து, வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மீனம்மாள் சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். அடுப்புக்கு நேர் எதிரே ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல். வெளியே முருங்கை மரம். காற்று வந்து அவள் நெற்றி மயிரைக் கலைத்தது. அப்போதே அவள் மனசுக்குள் அங்கே சட்டி பானைகளை அடுக்கிவிட்டாள்.

ஆனால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நாகராசுவின் முகமோ ஒன்றையும் மறைக்கத் தெரியாத முகம். அவனைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய், "வீடு புடிச்சிருக்கு. சிரிச்சுத் தொலைச்சிறாதீங்க. நான் எதச் சொன்னாலும் மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கங்க" என்றாள். நாகராசு பல்வலிக்காரனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டான்.

பிறகு அவள் ஆரம்பித்தாள். "கூடம் இருட்டா இருக்கே?"

"வெயில்காலத்துல பாக்கணும் தங்கச்சி. கலெக்டர் பங்களாவுல கூட இந்தக் குளிர்ச்சி கெடையாது!"

"ஓட்டுல வெளிச்சம் தெரியுது. ஒழுகும்போல."

"நச்சத்திரம் பாக்கலாம்! படுத்துக்கிட்டே பாக்கலாம்!"

"கிணறு ரொம்ப ஆழம்."

"ஆழத்துல இருக்குறதாலதான அந்தத் தண்ணி எளநியாட்டம் இருக்கு. அதுல பருப்பு வெந்தா வெண்ணெ. அண்ணனப் பாருங்க, இந்த வயசுலயும் ஒரு பல்லு விழலையே, எதுனால?"

பெஞ்சில் இருந்த முத்துராமன் நாக்கால் தம் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மீனம்மாள் குறை சொல்லச் சொல்ல சேவுகனுக்கு ஆவேசம் வந்தது. தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தார். நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வீட்டுக்குள் கால் வைத்த மருமகள் கண்ணீர் விட்டதில்லை என்றார். "இது வீடில்ல தங்கச்சி, கோயிலு! இப்பேர்ப்பட்ட வீட்டைக் கையில வச்சுக்கிட்டு விக்கிறவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது!" என்று குடையை உயர்த்திச் சொல்லி முடித்தார்.

முத்துராமன் மெதுவாக எழுந்தார். தூணையும் விட்டத்தையும் இன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"நெசந்தான் சேவுகா. அப்ப நான் மட்டும் எதுக்கு விக்கணும்?" என்றார். பிறகு மீனம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிருங்க தாயி. வீடு விக்கிறதா இல்ல."

வாசலுக்கு வந்ததும் நாகராசு கேட்டான். "இப்ப மூஞ்சிய எப்படி வச்சுக்கணும்?"

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சேவுகன்தான் பதறிப்போனார். வந்த வேகத்தில் உள்ளே திரும்பி ஓடி, கதவு உளுத்துப்போன கதவு, ஓடு நாளைக்கே இறங்கிவிடும், கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று மாற்றிப் பேசியிருக்கிறார். முத்துராமன் அவர் குடையையே பிடுங்கிக்கொண்டு தெருமுனை வரை விரட்டி, அங்கேதான் அதை அவர்மேல் வீசி எறிந்தார். அதன்பின் கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருப் பக்கம் சேவுகன் தலைவைக்கவில்லை.

மீனம்மாளுக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். கெட்டிக்காரத்தனம் காட்டப் போய்த் தரகரைக் கிளப்பிவிட்டது தான்தானே என்று நினைத்து நினைத்து, புகையில்லாமலேயே அழுதாள். ஐந்தாம் நாள் நாகராசு ஆபீசுக்குப் போனதும் புடவையை மாற்றிக்கொண்டு நேரே முத்துராமன் வீட்டுக்குப் போனாள்.

அவர் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தோசை கல்லைவிட்டு வர மறுத்தது. மீனம்மாள் கரண்டியை வாங்கி, கல்லைத் துடைத்து, இரண்டு தோசை சுட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஐயா, அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் பொய்யி. எனக்கு இந்த வீடு ரொம்பப் புடிச்சிருக்கு. இந்த ஜன்னலுக்காகவே புடிச்சிருக்கு. விலையக் கொறைக்கத்தான் அப்படிப் பேசினேன்."

முத்துராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா தாயி? ஒம் புருசன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுச்சே" என்றவர், தட்டைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுல பொன்னுத்தாயி, இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து கண்ணை மூடுற வரைக்கும் இதைத் திட்டிக்கிட்டேதான் இருந்தா. இது ஒரு வீடா, இதைப் பாத்தா வாங்குனீங்கன்னு. நானும் தப்புப் பண்ணிட்டோம்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு சேவுகன் பேசுனதக் கேட்டதும் நெஞ்சே நெறஞ்சுபோச்சு. இதைக் கேக்க அவ இல்லாமப் போயிட்டாளேன்னு இருந்துச்சு."

மீனம்மாள் தயங்கிக் கேட்டாள். "ஆத்தா என்னென்ன சொல்லித் திட்டுவாங்க?"

அவ்வளவுதான். முத்துராமன் எழுந்துவிட்டார். இதோ இந்தப் படி உயரம் அதிகம், தண்ணிக்குடத்தோடு ஏறமுடியாது என்பாள். இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டியது, உள்பக்கம் திறக்கிறது என்பாள். அம்மி போட்டிருப்பது தப்பான மூலை, அரைக்கிறவள் முதுகில் மழைச்சாரல் அடிக்கும். அறை அறையாகக் கூட்டிப்போய், பொன்னுத்தாயின் குரலிலேயே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

மீனம்மாள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். படியில் ஏறி இறங்கினாள். அம்மி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். "அவுங்க சொன்னது சரிதான்யா. ஒண்ணு கூடப் பொய்யில்ல. இந்தப் படிய இடிச்சு ரெண்டாக்கணும். அம்மிய அங்கிட்டு நகட்டணும்."

"இந்த ஜன்னல் மட்டும்?"

"ஜன்னல் வச்சவுங்க மகராசி."

"சண்டை போட்டு அவதான் வைக்கச் சொன்னா" என்றார் முத்துராமன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீயே எடுத்துக்க ஆத்தா. தனியா கெடந்து இதைக் கட்டிக் காக்க எனக்கும் தெம்பில்ல. ஆனா ஒண்ணு. பத்திரம் பதியிற வரைக்கும் அந்தச் சேவுகன் வாயைத் தொறக்கக்கூடாது. தொறந்தான்னா எனக்கு மறுபடியும் மனசு மாறிரும்" என்றார்.

சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குச் சேவுகன் வாய் நிறைய வெற்றிலை அடைத்துக்கொண்டு வந்தார். அது மீனம்மாளின் ஏற்பாடு. பத்திரத்தை வாசித்த எழுத்தர், "தேக்குத் தூண் நாலு" என்று படித்தபோது சேவுகனின் கண்கள் பிதுங்கின. "கிணறு ஒன்று" என்றதும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தே விட்டார். நாகராசு அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தான். முத்துராமன் கையெழுத்துப் போட்டு, பெருவிரலில் மை வைத்து எடுக்கும்வரை அந்த மனிதர் பட்ட பாடு, பிரசவ வேதனைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

வெளியே வந்து வெற்றிலையைத் துப்பியதும் பேச்சு மடை உடைந்தது. வீடு கை மாறிவிட்டதால் அதைப் புகழ்ந்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. சேவுகன் விராலிமலையைப் பிடித்துக்கொண்டார். மலைக்காற்று பட்டாலே மூட்டுவலி போய்விடும், மயில் வந்து கையில் நெல் பொறுக்கும், மாப்பிள்ளை வீட்டு மொட்டைமாடியில் நின்றால் முருகன் கோயில் தீபாராதனை கண்ணுக்குத் தெரியும் என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே வந்தார். அன்றே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்ட முத்துராமன், டிரங்குப் பெட்டியைச் சுமந்தபடி, ஒவ்வொன்றுக்கும் "அப்படியா? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டார். போகப்போக அவர் நடையில் வேகம் கூடிற்று.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அவரை உட்காரவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் மயிலை முடிக்காமல் சேவுகன் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் தாமும் விராலிமலைக்குப் போய்க்கொண்டிருப்பது சேவுகனுக்குத் தெரிந்ததாம்.

மறுநாள் மத்தியானம் மீனம்மாள் புது வீட்டில் அம்மியை நகர்த்த ஆள் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் குடை தெரிந்தது. சேவுகன் பிரயாணக் களைப்போடு, முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"தங்கச்சி, மலையடிவாரத்துல ஒரு வீடு விலைக்கு வருது பாருங்க..."

மீனம்மாள் தன் சொந்தக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.